உலகம்மாளுக்கு வந்த மீன்

இதைக் கேட்பவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. நெடுங்கரிசல் என்னும் ஊர் கடலிலிருந்து வெகு தொலைவில், பருத்திக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது. அங்கே பிறந்து கடலைக் காணாமலே இறந்தவர்கள் பலர், கண்டவர்களும் திருச்செந்தூரில் ஒரு முழுக்குப் போட்ட அளவுக்கே கண்டவர்கள். அவ்வூரின் வடகோடியில் மஞ்சணத்தி முடுக்கு என்று ஒரு சந்து உண்டு. ஒரு முனையில் மட்டும் திறந்து, மறுமுனையில் ஒரு மரத்தோடு முடிந்துபோகும் அந்தச் சந்தில், ஒரு வீட்டுக் குழம்பின் மணம் மற்ற வீட்டுக் கூடங்களைக் கடந்துதான் வெளியேற முடியும். அந்த முடுக்கில் உயிரோடு இருப்பவரின் படத்துக்குக் கண்ணாடி போடுவதில்லை. கல்யாணப் படமானாலும் பட்டம் வாங்கிய படமானாலும் லேமினேஷன் செய்துதான் மாட்டுவார்கள். ஒருவர் இறந்து, பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த பின்னரே, அவர் முகம் சட்டமும் கண்ணாடியும் பெற்று, சந்தனப் பொட்டோடும் சின்னச் சிவப்பு விளக்கோடும் கூடத்துச் சுவரில் ஏறும். இவ்வழக்கம் எப்போது தொடங்கிற்று என்று ஒருவருக்கும் தெரியாது. இக்கதை நடக்கும்வரை அதை மீறியவரும் ஒருவரும் இல்லை. கடைசியாக, சொரிமுத்து என்பவர் இருக்கிறாரா இல்லையா என்பதும் ஒருவருக்கும் தெரியாது.

சொரிமுத்து லாரி ஓட்டியவர். ஒரு மாசி மாதத்தில் பருத்திப் பொதி ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனவர், பொதியை முறையாக இறக்கிக் கொடுத்து, லாரியை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, சாவியைக் காவலாளியிடம் ஒப்படைத்து, "இந்தா வந்திருதேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதன்பின் அவரை எவரும் காணவில்லை. அவர் போன பக்கம் கடல் இருந்தது என்று சிலரும், கடலுக்கு முன்னால் ஒரு பேருந்து நிறுத்தமும் இருந்தது என்று சிலரும் சொன்னார்கள். அவருடைய மனைவி உலகம்மாள் இரண்டையும் கேட்டுக்கொண்டாள். தாலியை இறக்கவில்லை, பொட்டை அழிக்கவில்லை. அப்படிப்பட்டவளை என்ன செய்வதென்று முடுக்குக்குத் தெரியாததால், கல்யாண வீடுகளில் அவளை மணமேடைப் பக்கமும் அழைக்காமல், பின்வரிசைக்கும் அனுப்பாமல், நடுவே ஒரு தூணோரம் உட்கார வைத்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல, எந்த மண்டபத்துக்குப் போனாலும் அவளே தூணைத் தேடி உட்காரப் பழகிக்கொண்டாள். கணவர் எங்கோ இருக்கிறார் என்று அவள் நம்பினாள் என்று சொல்லிவிட முடியாது. இல்லை என்று பிறர் சொல்லித் தான் ஏற்றுக்கொள்வதில்லை என்பதில் மட்டும் உறுதியாக இருந்தாள்.

சொரிமுத்துவின் தம்பி கோமதிநாயகம் மஸ்கட்டில் குளிர்சாதனங்களைப் பழுது பார்த்துச் சம்பாதித்து ஊர் திரும்பி, பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினார். மாடியில் ஒரு கூடத்தையும் ஒரு சமையற்கட்டையும் மதினிக்கு ஒதுக்கினார். கீழ்க்கூடத்தில், தம் முதலாளி வீட்டில் பார்த்து ஆசைப்பட்டபடி, சுவரளவு நீளமுள்ள கடல்நீர் மீன்தொட்டி ஒன்றை வைத்தார். அதை அமைக்கத் திருநெல்வேலியிலிருந்து வந்த கடைக்காரர், பை பையாக உப்பைக் கொட்டிக் கலக்கி, துளை நிறைந்த கடற்பாறைகளை அடுக்கி, மோட்டாரை ஓடவிட்டு, தண்ணீர் பழகுவதற்கு ஒரு மாதமாகும், அதுவரை மீன் விடக் கூடாது என்று சொல்லிப் போனார். ஆகவே அந்த மாதம் முழுதும் முடுக்கினர் வந்து, மீன் இல்லாத கடலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வெறுந்தண்ணீரிலிருந்து கண்ணை எடுப்பது கடினமாக இருந்தது என்றும், வீட்டுக்குப் போன பிறகு உதடு கரித்தது என்றும் பின்னாளில் பலர் சொன்னார்கள்.

பிறகு மீன்கள் வந்தன: ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டை போட்டவை, எலுமிச்சை மஞ்சளில் தட்டையானவை, மஞ்சள் வாலுடைய நீல நிறத்தவை. அவை வந்த வாரத்திலேயே ஒன்று காணாமற்போயிற்று.

கோமதிநாயகம் கைப்பேசியில் கடைக்காரரை அழைத்தார்.

"குதிச்சிருக்கும் சார். சோபாவுக்கு அடியில பாருங்க, கருவாடாக் கெடக்கும்."

"மூடி போட்டுல்லா இருக்கு."

"அப்ப பாறைக்குள்ள ஏதாவது நண்டு ஒளிஞ்சு வந்திருக்கும் சார். அது வேலைதான்."

பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, வாளியில் முக்கி, குச்சியால் குத்திப் பார்த்தார்கள், நண்டு இல்லை. மோட்டாரைக் கழற்றிப் பார்த்தார்கள், அதிலும் ஒன்றுமில்லை. இரண்டாவது மீனும் போயிற்று. கோமதிநாயகத்தின் மனைவி பகவதி, மூன்று வீடு தள்ளியிருந்த பூனையைச் சந்தேகித்து அதன் உரிமையாளரோடு பேச்சை நிறுத்தினாள். இப்படி இருக்கையில், ஒரு நண்பகலில் மாமனார் ஆவுடையப்பனின் படத்தைத் துடைக்க ஸ்டூலில் ஏறிய பகவதி, கண்ணாடியில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒட்டியிருக்கக் கண்டு முந்தானையால் துடைத்தாள். போகாததால் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து துடைத்தாள். அப்போது அது ஆவுடையப்பனின் காதோரத்திலிருந்து கிளம்பி, அவருடைய மூக்கை ஒருமுறை சுற்றிக்கொண்டு, மறு தோளுக்குப் போய் நின்றது.

"என்னங்க," என்று அவள் ஸ்டூலில் நின்றபடியே அழைத்தாள், "உங்க மீனு மாமாகிட்ட இருக்கு."

கோமதிநாயகம் வந்து அண்ணாந்து பார்த்தார். "செத்துப்போச்சோன்னு நெனச்சேன். பரவால்ல, நல்லாத்தான் இருக்கு," என்றார்.

இரண்டாவது மீன், எதிர்வீட்டில், பிரசவத்தில் இறந்த ஒரு மருமகளின் படத்தில் இருந்தது. மூன்றாவது மீன், முடுக்கின் முனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த உச்சிமாகாளியின் தகப்பனாரிடம் போயிற்று. கோமதிநாயகம் புதிய மீன்களை வாங்கி விட, அவையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டியிலிருந்து நீங்கி, கண்ணாடிக்கும் முகத்துக்கும் நடுவே, ஒரு தாள் நுழையும் அளவே உள்ள இடத்தில், இறந்தவர்களின் நெற்றியையும் மீசையையும் மூக்குத்தியையும் கடந்து நீந்தின. தொட்டியிலிருந்து ஒரு சுவருக்கும், ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கும் அவை எவ்வாறு போயின என்பதைக் கண்டவர் இல்லை, கேட்டவரும் இல்லை. மாறாக, அவற்றை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதைத்தான் முடுக்கு பேசிற்று. மீனை மறைக்குமாறு மாலை போடக் கூடாது என்றும், மீன் வந்த வீட்டில் அன்று மீன் சமைக்கக் கூடாது என்றும், ஊதுபத்திப் புகை கண்ணாடியில் நேரே படக் கூடாது என்றும், வந்த மீனை விரலால் தட்டிக் கூப்பிடக் கூடாது என்றும் முறைகள் ஏற்பட்டன. மீன் வராத வீட்டார் மனம் குமைந்தார்கள். தங்கள் பெரியவர்கள் தங்களை மறந்துவிட்டதாக எண்ணி, பாக்கியிருந்த நேர்த்திக்கடன்களை முடித்தார்கள். கைப்பேசிக்கும் கண்ணாடி உண்டே, அதில் உயிருள்ளவர் முகம் இருக்கிறதே என்று ஒருத்தி அஞ்சிக் கேட்டபோது, சுவரில் தொங்குவதுதான் கணக்கு, சட்டைப் பையில் கிடப்பது கணக்கில்லை என்று உச்சிமாகாளி தீர்ப்புச் சொன்னார்.

"எங்க மாமனாருக்கு வந்தது மூணே நாள்ல அடுத்த வீட்டுக்குப் போயிட்டு," என்று எதிர்வீட்டுக்காரி குழாயடியில் சொன்னாள். "உசுரோட இருக்கையிலயும் அவுக ஒரு வீட்டுல தங்குன ஆளா?"

மெல்ல மெல்லக் கோமதிநாயகத்தை எல்லாரும் மீன்வீட்டு அண்ணாச்சி என்று அழைக்கத் தொடங்கினார்கள். காலையில் அவர் பல் துலக்கும் முன்பே யாராவது ஒருவர் வந்து, தொட்டி முன் கைகட்டி நின்று, தம் வீட்டுப் பெயரைத் தண்ணீருக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்படி வந்து நின்றவர்களில் ஒருத்தி முப்பிடாதி. அவள் பூக்கட்டி விற்பவள்; முடுக்கின் படங்களுக்கெல்லாம் வெள்ளிதோறும் பூக் கொடுப்பவள். தாயில்லாமல் அவள் இடுப்பிலேயே வளர்ந்த தம்பி மாசானம் மும்பைக்குப் போய், நெடுநாளாகச் செய்தியில்லாமல் இருந்தான். "இருக்கானா இல்லையான்னு தெரிஞ்சாப் போதும்," என்று சொல்லி, முடுக்கில் அதுவரை எவரும் செய்யாததைச் செய்து, அவன் படத்துக்குக் கண்ணாடி போட்டாள். மீன் வந்தது. அந்த வாரம் முடிவதற்குள், மாசானத்தோடு தங்கியிருந்த ஒருவன் மும்பையிலிருந்து அழைத்து, அவன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனதைச் சொன்னான். முடுக்கு திரண்டு வந்து அழுதது. அழுகைக்கு நடுவே, மீன் பொய் சொல்லாது என்றும் சொல்லிக்கொண்டது.

துட்டி விசாரிக்கப் போன உலகம்மாள், கூட்டம் கலைந்த பிறகு, முப்பிடாதியின் பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"எந்தக் கெழம போனான்னு சொன்னாக?"

"புதன்கெழம. மத்தியானம்."

"மீன் வந்தது?"

"அதுவும் புதன்கெழம மத்தியானந்தான்," என்று சொன்ன முப்பிடாதி, சொன்னதைத் தானே கேட்டவள் போல நிறுத்தினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு, தண்ணீர் லாரி வருமா வராதா என்பதைப் பற்றிப் பேசினார்கள்.

ஆவணி பிறந்தபோது கோமதிநாயகத்தின் மகள் தாரணிக்கு ஒரு நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் எல்லாவற்றுக்கும் சம்மதித்தார்கள். ஒன்று மட்டும் கேட்டார்கள். பெண்ணின் பெரியப்பா இருக்கிறாரா, இல்லையா? இல்லையென்றால், செய்ய வேண்டியதைச் செய்யாத வீட்டில் மேளம் கொட்டுவது எப்படி? இருக்கிறார் என்றால், அதற்கு என்ன அடையாளம்? உங்கள் முடுக்கில்தான் அதற்கு வழி வந்திருக்கிறதாமே?

கோமதிநாயகம் மாடிக்கு ஏறி வந்து, உட்காராமல் நின்றார்.

"மதினி, ஒரு காரியம் கேக்கணும். கோவிச்சுக்கிடக் கூடாது."

"கேளுங்க தம்பி."

"அண்ணன் படத்துக்கு ஒரு கண்ணாடி போட்டுப் பாத்திருவமா?"

உலகம்மாள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். லேமினேஷன் ஓரங்களில் பிரிந்து, உள்ளே காற்றுப் புகுந்து, சொரிமுத்துவின் சட்டைக் காலர் லேசாக உப்பியிருந்தது.

"மீன் வந்தா?"

"வந்தா செய்ய வேண்டியதச் செஞ்சிருவோம். வரலன்னா இருக்கான்னு நிம்மதியா இருப்போம். எனக்கும் தெரியணும் மதினி. அவன் தோள்ல உக்காந்துதான் நான் தேரு பாத்தது."

"மீன் வந்ததுனாலயே அவுக போயிட்டா?"

"அது எப்படிப் போவாக? மீன் என்ன எமனா? செத்தவுககிட்டப் போவுது, அம்புட்டுத்தான். சாமி படத்துக்கெல்லாங்கூடக் கண்ணாடி இருக்கு, அங்க ஒண்ணு போயிருக்கா பாருங்க."

"சாமி மனுசரில்லையே தம்பி. மனுசருல, செத்தவுகளுக்குத்தான் நாம கண்ணாடி போட்டிருக்கோம். அது வேற எங்க போவும்?"

ஒரு வாரம் பொறுங்கள் என்று அவள் கேட்டாள். அவர் தலையசைத்துவிட்டு இறங்கிப் போனார்.

உலகம்மாள் எதையும் வரிசைப்படுத்தாமல் முடிவு செய்யாதவள். மீன் இறந்தவரிடம் மட்டுமே போகுமானால், அது சாட்சி. சொரிமுத்துவின் படத்தில் அது வந்தால் தாலியை இறக்குவதில் தவறில்லை. மீன் யாரிடமும் போகுமானால், அது வெறும் மீன். அதன் பேச்சைக் கேட்டுத் தாலியை இறக்கியவள், இருக்கிற கணவனுக்குக் கைம்பெண்ணாய்ப் போவாள். மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. முப்பிடாதியின் முகத்தில் அவள் அன்று கண்டது அதைத்தான். மீன் போவதனாலேயே ஒருவர் இறக்கக் கூடுமானால், எந்த ஊரிலோ, எந்தக் கடைவாசலிலோ ஒரு டம்ளர் டீயைக் கையில் வைத்திருக்கும் மனிதரை, நெடுங்கரிசலில் ஒரு கண்ணாடித் துண்டைச் செருகி அவள் கொன்றவளாவாள். இந்த மூன்றில் எது மெய் என்பதை, பிறர் முகத்தை வைத்துப் பார்க்க அவளுக்கு உரிமையில்லை. அவளுக்கு உரிமையான முகம் ஒன்றுதான் இருந்தது.

மறுநாள் பேருந்து நிலையத்தருகே உள்ள ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டு, அடுத்த கடையில் சட்டம் போடக் கொடுத்தாள். கடைக்காரர் படத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா தங்கச்சியாம்மா? அப்படியே உங்க சாடை."

"ஆமா."

"தோற்றம், மறைவு போடணும்லா. தேதி சொல்லுங்க."

"தோற்றம் மட்டும் போடுங்க."

"மறைவு?"

"அதுக்கு இடம் விட்டு வைங்க," என்றாள் உலகம்மாள்.

கடைக்காரர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, தம் வேலையை முடித்து, அவள் கையில் படாமல் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார்.

கணவரின் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து அவள் தன் படத்தை மாட்டினாள். அப்போது தொட்டியில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு மீன், மஞ்சள் வாலுடைய நீல மீன். வேறு மீன் வாங்க வேண்டாம் என்று கோமதிநாயகம் நிறுத்தி வைத்திருந்தார். அந்த வாரத்தில் அவள் தெருக்குழாய்க்குப் போனாள், ரேஷன் கடைக்குப் போனாள், அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைத்தாள். ஒவ்வொரு முறை மாடியேறும்போதும் கடைசிப் படியில் சற்று நின்று, பிறகே கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை நண்பகலில், தரையில் உட்கார்ந்து சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, நாக்கில் உப்புக் கரித்தது, விரலை வெட்டிக்கொண்டோம் போலும், அறியாமல் வாயில் வைத்தோம் போலும் என்று விரல்களைப் பார்த்தாள், காயம் இல்லை. அதன்பிறகே தலையை உயர்த்தினாள். நீல மீன் அவளுடைய கழுத்தருகே, தாலிச்சரடு தெரியும் இடத்தில், செவுள் அசைய நின்றுகொண்டிருந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. காயை நறுக்கி முடித்தாள். அரிசியைக் களைந்து வைத்தாள். சோறு வெந்தது, பொரியல் இறங்கிற்று, அவள் உண்டாள். உண்டது தொண்டையில் இறங்கியது. வெயில் ஜன்னலிலிருந்து கட்டிலுக்கும் கட்டிலிலிருந்து சுவருக்கும் ஏறியது. தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்து, அது துடிப்பதை உறுதி செய்துகொண்டு, முந்தானையைச் சரிசெய்து கீழே இறங்கினாள்.

"பகவதி, தொட்டியில மீன் இருக்கா?"

பகவதி பார்த்துவிட்டு, "இல்லக்கா," என்றாள்.

"எனக்கு வந்திருக்கு. வந்து பாருங்க. நான் செத்துட்டனான்னும் பாத்துச் சொல்லுங்க."

மாலைக்குள் முடுக்கு முழுவதும் மாடிப்படிகளில் நின்றது. ஒவ்வொருவராக உள்ளே வந்து படத்தைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், மீண்டும் படத்தைப் பார்த்தார்கள். உலகம்மாள் அவர்களிடம் தெளிவாக எடுத்துச் சொன்னாள்: இதோ நான் உட்கார்ந்திருக்கிறேன், பேசுகிறேன், மத்தியானம் சோறு தின்றேன். எனக்கு வந்த மீன் எவருக்கும் வரும். ஆகவே அதை வைத்து என் வீட்டுக்காரரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

அவள் சொன்னதில் பிழையில்லை என்பதை எல்லாரும் உணர்ந்தார்கள். அதனாலேயே எல்லாருடைய முகமும் வெளிறிற்று. எவருக்கும் வரும் மீன் என்றால், ஆவுடையப்பன் மகன் வீட்டைத் தேடி வரவில்லை; பிரசவத்தில் போன மருமகள் யாரையும் மன்னிக்கவில்லை; உச்சிமாகாளியின் தகப்பனார் கடையைப் பார்க்க ஒருநாளும் வரவில்லை. வெறும் மீன்கள் வெறும் கண்ணாடிகளில் திரிந்தன, அவ்வளவுதான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முப்பிடாதி முன்னே வந்தாள். பூக்கட்டிய நாரின் ஈரம் இன்னும் அவள் விரல்களில் இருந்தது.

"மீன் பொய் சொல்லாது," என்றாள். அவள் உலகம்மாளைப் பார்த்துப் பேசவில்லை. படத்தைப் பார்த்துப் பேசினாள். "என் தம்பி அதுக்கு முந்தியே போயிட்டான். போனதுக்கப்புறந்தான் மீன் வந்துது. உசுரோட இருக்கவுகளுக்கு அது வராது. வராது, பாத்துக்கிடுங்க. வந்திருக்குன்னா இவ உசுரோட இல்ல."

உலகம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அவளிடம் பதில் இருந்தது. அது சரியான பதிலாகவும் இருந்தது. உயிரோடு இருப்பவருக்கும் மீன் வரும் என்று ஒருமுறை நிறுவிவிட்டால், புதன்கிழமை நண்பகலில் மும்பை ஆஸ்பத்திரி ஒன்றில் மூச்சு முதலில் நின்றதா, நெடுங்கரிசலில் மீன் முதலில் வந்ததா என்ற கேள்வியோடு முப்பிடாதி எஞ்சிய நாளெல்லாம் படுத்து எழ வேண்டும். தம்பியைக் கண்ணாடிக்குள் வைத்த கை முந்தானையில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தது. உலகம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

உச்சிமாகாளி தொண்டையைக் கனைத்தார். "மீன் இதுவரைக்கும் தப்பாப் போனதில்ல. அதையும் பாக்கணும்லா," என்றார்.

"அப்ப எங்க அக்கா," என்று பகவதி தடுமாறித் தொடங்கி, பாதியில் ஏதோ விளங்கியவளாய்க் குரல் தெளிந்தாள். "தாலியோட, பொட்டோட போயிருக்கா. பாருங்க, படத்துலயும் தாலி இருக்கு. சுமங்கலியால்லா போயிருக்கா."

அந்தச் சொல் படிக்கட்டு வழியே ஒவ்வொரு படியாக இறங்கித் தெருவுக்குப் போயிற்று. முடுக்கு நீண்ட நேரத்துக்குப் பின் மூச்சு விட்டது. சுமங்கலியாய்ப் போனவள் வீட்டில் கல்யாணத்துக்கு என்ன தடை? அவளுக்குச் சேலை வைத்துக் கும்பிட்டுத் தொடங்கினால் அதைவிட மங்கலம் என்ன? அவளுக்கு முந்தி அவள் புருஷன் போகவில்லை என்பதும் அதனாலேயே உறுதியாயிற்று. ஆகவே அவரைப் பற்றி இனி எவரும் கேட்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குச் செய்தி போயிற்று. அவர்களுக்கும் அது திருப்தியாக இருந்தது.

உலகம்மாள் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். தாலி இருந்தது. அதைக் காப்பதற்காகத்தான் அவள் தொடங்கினாள்; அது காக்கப்பட்டுவிட்டது.

அதன்பின் முடுக்கு அவளிடம் மிகுந்த மரியாதையோடு நடந்துகொண்டது. யாரும் அவளை ஏசவில்லை, அஞ்சி ஓடவில்லை, கதவைச் சாத்தவில்லை. இறந்தவரோடு நேருக்கு நேர் பேசுவது முறையல்ல என்பதால் நேருக்கு நேர் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். அவளிடம் சொல்ல வேண்டியதை, அவள் காதில் விழும்படி, பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளிடம் சொன்னார்கள். "ஏ வாளி, குழாய்ல தண்ணி வந்துட்டு, பிடிக்கவுக பிடிக்கலாம்," என்று எதிர்வீட்டுக்காரி தன் வாளியிடம் சொன்னாள். உச்சிமாகாளி தராசைப் பார்த்து, துவரம்பருப்பு புதுசு வந்திருக்கிறது, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்றார். பகவதி நாள்தோறும் தட்டில் சோறு வைத்து மூடி, மாடிப்படியின் கைப்பிடியிடம், "சூடா இருக்கு," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள். முதலில் உலகம்மாள் பதில் சொன்னாள். பதில் காற்றில் நின்றுபோவதைக் கண்டு, அவளும் வாளிக்கும் கைப்பிடிக்கும் பதில் சொல்லப் பழகினாள். பிறகு அதையும் விட்டாள்.

கல்யாணத்துக்கு முன் நல்ல நாள் பார்த்து, அவள் படத்துக்கு முன்னால் சிவப்புக் கரையிட்ட மஞ்சள் சேலையும் வளையலும் பூவும் வைத்துக் குடும்பத்தார் எல்லாரும் விழுந்து வணங்கினார்கள். தாரணி வணங்கும்போது நீல மீன் கண்ணாடியின் அடிவரை இறங்கி வந்து, அவள் தலை வகிட்டுக்கு நேரே நின்றது. உலகம்மாள் அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். தாரணியின் தலையில் கை வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கையை நீட்டவும் செய்தாள். பெண் அதற்குள் எழுந்து, ஈரம் பட்டவள் போல உச்சந்தலையைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

பின்னர் உறுதிப்பட்டவை இவை.

கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. மண்டபத்தில் உலகம்மாளுக்குத் தூணோரம் நாற்காலி போடப்படவில்லை, வேறெங்கும் போடப்படவில்லை.

தொட்டிக்குக் கோமதிநாயகம் மறுபடி மீன் வாங்கவில்லை. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் குறையும்போது ஊற்றுகிறார்கள். அது கரிப்பாகவே இருக்கிறது.

அடுத்த பங்குனியில், உச்சிமாகாளி வெளியூர் போயிருந்த ஒரு நண்பகலில், ஒருவர் கடைவாசலில் வந்து நின்று, உலகம்மாள் இருக்கிறாளா என்று கேட்டார். கடையில் இருந்தவள் உச்சிமாகாளியின் புது மருமகள். அவள் முடுக்கின் பழைய முகங்களை அறியாதவள். "அவங்க தவறிட்டாங்களே," என்று அவள் சொன்னாள். "தாலியோட நல்ல சாவுன்னு சொல்லுவாங்க." வந்தவர் முடுக்குக்குள் ஓர் அடி வைத்து, பின் எடுத்துக்கொண்டார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அவர் பெயரை அவள் கேட்கவில்லை.

இச்செய்தி முப்பிடாதிக்கு அன்றே தெரிந்தது. அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, மாடியேறிப் போய், வாளியிடமோ கைப்பிடியிடமோ சொல்லாமல், உலகம்மாளின் முகத்தைப் பார்த்து, "உலகம்மா, ஒன்னயத் தேடி ஒருத்தர் வந்தாராம்," என்று சொன்னாள். "எந்தப் பக்கம் போனாரு?" என்று உலகம்மாள் கேட்டாள். பேசிப் பல மாதங்களானதால் அவள் குரல் அரைகுறையாகவே வெளிவந்தது. "பஸ் ஸ்டாண்டுப் பக்கமாம்," என்றாள் முப்பிடாதி.

உலகம்மாள் சுவரிலிருந்து லேமினேஷன் படத்தை எடுத்துக்கொண்டு முடுக்கின் வழியே நடந்தாள். வாசல்களில் நின்றவர்கள் கைகூப்பினார்கள். எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளைப் பின்னாலிருந்து கூப்பிட ஒருவருக்கும் உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. அவள் வந்தவரைக் கண்டாளா என்பது தெரியவில்லை. வந்தவர் யார் என்பதும் தெரியவில்லை.

மாடிக்கூடத்தில் கண்ணாடி போட்ட படம் இருக்கிறது. மறைவுக்கு விட்ட இடம் வெறுமையாகவே இருக்கிறது. மீன் அதில் இருக்கிறது. வெள்ளிதோறும் முடுக்கில் எல்லார் வீட்டிலிருந்தும் அதற்குப் பூ வருகிறது. முப்பிடாதி மட்டும் அந்தப் படத்துக்குப் பூக் கொடுப்பதில்லை.